நோயாளர் காத்திருப்பும் நம் கடமையும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இக்கூட்டங்களிலே சமயம், இலக்கியம், கல்வி ஆகிய பொருள்கள் பற்றியே இதுகாறும் கேட்டு வந்திருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று. புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, நோய் போயிற்றா இல்லையா என்று பார்க்கும் ஸ்கேன் பரிசோதனைக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்களுள்ளும், நோய் உடலில் எவ்விடத்திலே தொடங்கியதென்று கண்டுபிடிக்கப்படாதவர்களைப் பற்றியே சிறப்பாகப் பேசுவேன். செயலாளர் அவர்கள் இப்பொருளைக் கேட்டதும், "மங்கலமான பொருளாக ஒன்று எடுக்கலாமே" என்றார். ஆயினும் மறுக்கவில்லை. அவருக்கு என் நன்றி.

இப்பொருளை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. என் தாய்மாமன் இன்று அந்நிலையில் இருக்கிறார். சிகிச்சை முடிந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. இன்னும் ஐந்து வாரம் கழிந்த பின்னரே ஸ்கேன். புளியந்தீவிலே அவரை அறிந்தவர்கள் பலர் இம்மண்டபத்தில் இருக்கிறீர்கள். அவருடைய சம்மதத்தைப் பெற்றே பேசுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். புற்றுநோய் உடலில் ஓரிடத்தில் தொடங்குகிறது. தொடங்கிய இடத்தை வைத்தே வைத்தியர்கள் அதற்குப் பெயரிடுகிறார்கள். நுரையீரற் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய் என்பன அவ்வாறு வந்த பெயர்கள். அவ்விடத்திலிருந்து சில கலங்கள் பிரிந்து, இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ வேறிடம் சென்று வளர்வதுண்டு. நுரையீரலிலே தோன்றிய நோய் எலும்பிலே போய் வளர்ந்தாலும் அது நுரையீரற் புற்றுநோயேயாம். அதற்குரிய மருந்தையே கொடுப்பார்கள். ஆனால், சிலரிடத்திலே போய்ச் சேர்ந்த இடத்தில் மாத்திரம் கட்டி காணப்படுகிறது. புறப்பட்ட இடத்தில் ஒன்றும் காணப்படுவதில்லை. இதனையே மூலம் அறியப்படாத புற்றுநோய் என்கிறார்கள்.

புற்றுநோய் கண்ட நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை இவ்வகையினர் என்று வைத்திய நூல்கள் நெடுங்காலமாகக் கூறி வந்தன. பரிசோதனை முறைகள் திருந்தத் திருந்த இத்தொகை குறைந்து வருகிறது. மூலம் ஏன் அகப்படுவதில்லை? அது கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத அளவு சிறியதாக இருக்கலாம். தொண்டையின் மடிப்புகளுக்குள்ளே மறைந்திருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே அதனை அழித்திருக்கவும் கூடும். இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோதிலும் மூலம் காணப்படாமற் போனவர்கள் உண்டு. ஆதலால், மூலம் தெரியவில்லை என்று ஒரு வைத்தியர் சொன்னால் அவர் தேடவில்லை என்பது பொருளன்று. எதையோ மறைக்கிறார் என்பதும் பொருளன்று.

இந்நோய் எல்லோரிடத்தும் ஒரே தன்மையதன்று. பல உறுப்புகளிலே பரவிய நிலையில் காணப்படும்போது இது மிகக் கொடியது. அந்நிலையினருட் பெரும்பாலோருக்கு ஆயுள் ஓராண்டு வரையிலும் நீள்வதில்லை. ஆனால், ஐந்தில் ஒரு பங்கினர் அளவில் நல்ல பயன் எதிர்பார்க்கக்கூடிய பிரிவுகளிலே அடங்குவர். கழுத்திலுள்ள நிணநீர்க் கணுவில் மாத்திரம் நோய் கண்டவர்கள் அவ்வாறானவர்கள். அக்குளிலுள்ள கணுவில் மாத்திரம் நோய் கண்ட பெண்களும் அவ்வாறே. அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்குரிய சிகிச்சையையே செய்கிறார்கள்.

என் மாமாவுக்குக் கழுத்திலேதான் கண்டது. ஒருநாள் முகம் வழிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, நோவில்லை. ஊசியால் எடுத்துச் சோதித்தபோது புற்றுநோய் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்து மூக்கின் பின்புறம், தொண்டை, நாவின் அடி எல்லாம் பார்த்தார்கள். இரண்டு தொன்சில்களையும் அகற்றிச் சோதித்தார்கள். மூலம் அகப்படவில்லை. பின்னர், வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழு வாரம், முப்பத்தைந்து முறை கதிர்ச் சிகிச்சை. அதனுடன் வாரம் ஒருமுறை நாளத்தின் வழியாகச் சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து. வாயெல்லாம் புண்ணாகி, உமிழ்நீர் வற்றி, கஞ்சியும் இளநீருமாக நாட்களைக் கழித்தார். அது முடிந்த நாளில் வீட்டிலே எல்லோரும் பெருமூச்சு விட்டோம். அடுத்த ஸ்கேன் பன்னிரண்டு வாரம் கழித்து என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தப் பன்னிரண்டு வாரத்தைப் பற்றியே வீட்டில் பெரிய விவாதம் எழுந்தது. "நோய் இருக்கிறதா இல்லையா என்று அறிய மூன்று மாதம் பொறுப்பதா? இது பணமில்லாதவனுக்கு வைத்த தவணை. சென்னைக்குக் கொண்டுபோனால் அடுத்த நாளே பார்த்துச் சொல்வார்கள்" என்று உறவினர் சிலர் கூறினர். அன்பினாலேயே கூறினர். நான்காம் வாரத்திலே, படுவான்கரையில் உள்ள வயலை ஈடு வைத்துப் பணம் எடுப்பதென்று பேச்சு முற்றிவிட்டது. அந்த வயல் மாமாவின் மூத்த மகளுக்கென்று வைத்திருந்தது. அக்கிழமை கிளினிக்குக்கு மாமாவுடன் நானும் போய், வைத்தியரிடம் நேரே கேட்டேன்: "ஏன் பன்னிரண்டு வாரம்?"

அந்த அம்மையார் சிங்களவர். வெளியே வரிசை நீண்டிருந்தபோதும், ஒரு தாளை எடுத்துப் படம் கீறி ஆங்கிலத்தில் விளக்கினார். நான் தமிழில் மாமாவுக்குச் சொன்னேன். அதனையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

புற்றுநோய்க் கலங்கள் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் இயல்புடையவை. இதனை 1920களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஒட்டோ வார்பேர்க் கண்டறிந்தார். பெற் ஸ்கேன் என்பது இந்த இயல்பைப் பயன்படுத்துவது. குளுக்கோசைப் போன்ற ஒரு பொருளிலே கதிர்வீசும் புளோரினைச் சேர்த்து நாளத்தில் ஏற்றுகிறார்கள். சர்க்கரையை எந்த இடம் கூடுதலாக விழுங்குகிறதோ அந்த இடம் படத்தில் ஒளிர்ந்து தோன்றும். மனிதருக்கு முதன்முதலாக இம்மருந்து ஏற்றப்பட்டது 1976இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே. இதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். ஆதலால் மருந்தைக் கொணர்ந்து சேமித்து வைத்து ஆறுதலாகப் பயன்படுத்த முடியாது. இச்சோதனையை ஊர்தோறும் வைக்க முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், சர்க்கரையை மிகுதியாக உண்பது புற்றுநோய்க் கலம் மாத்திரமன்று. கதிர்ச் சிகிச்சையினால் வெந்துபோன தசையை ஆற்றுவதற்கு வந்து சேரும் கலங்களும் அவ்வாறே உண்கின்றன. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஸ்கேன் எடுத்தால், ஆறுகின்ற புண்ணும் நோயைப் போலவே ஒளிரும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டி, வேண்டாத கத்திக்கு வழிவைக்கும். அன்றியும், கதிர் பட்ட புற்றுக்கலங்கள் உடனே மடிவதில்லை. வாரக்கணக்கிலே சிறிது சிறிதாக மடிகின்றன. ஆகவே, இந்தப் பன்னிரண்டு வாரமும் சிகிச்சை தன் வேலையை முடிக்கும் காலமாகும்.

இங்கிலாந்திலே நடைபெற்று 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதனை நன்கு தெளிவாக்கிற்று. கழுத்துக் கணுக்களிலே நோய் கண்ட 564 பேர், இரு பிரிவினராக அதிலே சேர்க்கப்பட்டனர். மூலம் அறியப்படாதவர்களும் அவர்களுள் இருந்தனர். ஒரு பிரிவினருக்கு எப்படியும் கழுத்தில் சத்திர சிகிச்சை செய்வதென்று வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்குப் பன்னிரண்டு வாரம் பொறுத்துப் பெற் ஸ்கேன் எடுத்து, தேவையானவருக்கு மாத்திரம் கத்தி வைத்தார்கள். முதற் பிரிவில் 221 சத்திர சிகிச்சைகளும், பொறுத்திருந்த பிரிவில் 54 சத்திர சிகிச்சைகளும் நடந்தன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது உயிரோடிருந்தவர் தொகையில் பொறுத்திருந்தவர்கள் சற்றேனும் பின்னிற்கவில்லை. நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து பேர் உயிரோடிருந்தனர். பொறுத்திருந்ததனால் அவர்கள் உயிரை இழக்கவில்லை. பலர் கத்திக்குத் தப்பினர்.

இதையெல்லாம் நான் மொழிபெயர்த்து முடித்ததும், மாமா சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "விதைச்ச வயல முளைச்சிட்டா எண்டு கிண்டிப் பாக்கிற வெள்ளாமைக்காரன் ஆருமிருக்கானா, மனே?" என்றார். வயலை ஈடு வைக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

சபையோரே, காரணம் தெரிந்துவிட்டால் காத்திருப்பது இலகு என்று நான் சொல்ல வரவில்லை. பகலிலே மாமா வேலைகளைப் பார்க்கிறார். இரவிலே கழுத்தைத் தடவியபடி விழித்திருக்கிறார். வேறு புற்றுநோய் கண்டவர்களுக்கு, "இன்ன இடத்தில் இருந்தது, அதை அகற்றிவிட்டார்கள்" என்று சொல்லிக்கொள்ளவேனும் ஓரிடம் உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. இருமல் வந்தால் நுரையீரலோ, வயிறு பொருமினால் குடலோ என்று மனம் அலைகிறது. ஸ்கேன் நல்லதாக வந்தாலும் காத்திருப்பு முடிந்துவிடாது. இந்நோய் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள்ளேயே திரும்பும். ஆதலால், அக்காலத்தில் அடிக்கடியும், பின்னர் இடைவெளி விட்டும், ஐந்து ஆண்டு வரையில் கிளினிக்குக்குப் போய்வர வேண்டும். இது நீண்ட பயணம். இதிலே நோயாளிக்கு மருந்தைப் போலவே மனிதரும் தேவை.

இனி, மனிதராகிய நாம் என்ன செய்கிறோம் என்று பார்ப்போம். எவரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே தொடங்கினதாம்?" என்பது. தெரியவில்லை என்றதும், அவ்விடத்தை நிரப்பப் பல காரணங்கள் வருகின்றன. ஒருவர் முன்வினை என்கிறார். ஒருவர் செய்வினை என்கிறார். ஒருவர் வெற்றிலை என்கிறார். வெற்றிலையைப் பற்றிய பேச்சில் உண்மை உண்டு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் அறிவித்துவிட்டது. எமது நாட்டு ஆண்களிடையே மிகுந்து காணப்படுவதும் வாய்ப் புற்றுநோயே. மாமாவும் வெற்றிலை போட்டவர்தான். நோய் கண்ட நாளிலேயே விட்டுவிட்டார். விட்டவரிடம் திரும்பத் திரும்ப அதைக் கேட்பதனால் யாருக்கு என்ன பயன்? கேட்க வேண்டியது இன்னும் விடாத நம்மையே.

சிலர், "இன்னாருக்கும் இப்படித்தான் கழுத்தில் வந்தது" என்று தொடங்கி, இறந்தவர் கதையைச் சொல்லி முடிக்கிறார்கள். வேறு சிலர், "ஒன்றுமில்லை, எல்லாம் சுகமாகிவிட்டது" என்று தாமே தீர்ப்புக் கூறிப் போகிறார்கள். முன்னது அச்சத்தைத் தருகிறது. பின்னதோ நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது. பயமாயிருக்கிறது என்று சொல்லவும் அவருக்கு இடமில்லாமற் போகிறது.

நான் படித்தது மிஷன் பாடசாலையிலே. அங்கே வேதபாட வகுப்பில் யோபு என்பவரின் கதையைப் படித்தோம். செல்வமும் மக்களும் இழந்து, உடல் முழுவதும் புண்ணாகி, சாம்பலிலே உட்கார்ந்திருந்தார் யோபு. அவருடைய நண்பர் மூவர் அவரைப் பார்க்க வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு நிலத்தில் உட்கார்ந்திருந்தனர். பின்னர் வாய் திறந்து, "நீ என்ன பாவம் செய்தாய்?" என்று ஆராயத் தொடங்கினர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அந்த ஏழுநாள் மௌனமே என்று எனக்குத் தோன்றுகிறது. நோயாளியைப் பார்க்கப் போகும் நாம், காரணம் ஆராய்வதை வைத்தியரிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பழகவேண்டும்.

நோயாளிக்கு உதவும் கதை நமது பாரதத்திலே உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவத்தில் பாண்டவர் வனவாசம் போவதை ஆண்டுதோறும் காண்கிறோம். வனவாசம் பன்னிரண்டு ஆண்டு. அதன்பின் ஓராண்டு அஞ்ஞாதவாசம். கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடியும் பன்னிரண்டு ஆண்டு காடு. முன்னைய பன்னிரண்டிலும் அந்த ஓராண்டே அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் விராடன் நகரிலே அவர்கள் நாளை எண்ணிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. வீமன் சமைத்தான், அருச்சுனன் உத்தரைக்கு நடனம் கற்பித்தான், நகுலன் குதிரையையும் சகாதேவன் பசுவையும் பார்த்தனர், திரௌபதை அரசிக்குக் கூந்தல் அலங்கரித்தாள். அச்சம் அவர்களை விட்டு நீங்கவில்லை. அச்சத்தோடேயே அன்றன்றைய வேலையைச் செய்தனர். மாமாவும் இப்போது அதிகாலையில் எழுந்து வயலுக்குப் போகிறார். முன்போல மண்வெட்டி பிடிக்க முடியாது. வரம்பிலே நின்று பார்த்துவிட்டு வருகிறார். வாய் வறண்டால் போத்தலிலிருந்து ஒரு மிடறு தண்ணீர். உப்புக் கலந்த நீரால் நாளுக்குப் பலமுறை வாய் கொப்பளிப்பது, பல்லைப் பேணுவது, கழுத்தையும் தோளையும் அசைத்துப் பயிற்சி செய்வது ஆகியன இக்காலத்தில் அவர் செய்யும் வேலைகள். சிறியவைபோலத் தோன்றினாலும் பின்னர் பெரிதும் உதவுபவை.

இனி, எமது சங்கம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, துணை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலே புற்றுநோய்ப் பிரிவு இருப்பது நமது பாக்கியம். ஆயினும் சில சோதனைகளுக்கு மகரகமைக்குப் போகவேண்டியிருக்கிறது. இரவுப் புகைவண்டியிலே முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். விடிந்தால் மொழி தெரியாத ஊர். அங்குள்ள பெரிய வைத்தியசாலைக்கு அபேக்ஷா என்று பெயர். எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று அச்சொல் பொருள்படும். அவ்வாயிலுக்குத் தனியே போகிறவரோடு நம்மில் ஒருவர் கூடப் போகலாம்.

இரண்டாவது, மொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பு, சத்திர சிகிச்சை பற்றிய நூல்களைத் தமிழிலே வெளியிட்டார். இன்றோ, தன் கழுத்தைப் பற்றிய அறிக்கையை ஆங்கிலத்திலே கையில் வைத்துக்கொண்டு, அதைப் படிக்க முடியாமல் நம் வயோதிபர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் போகும் நாம் அதைத் தமிழில் சொல்ல உதவலாம். ஒன்றை மறக்கக்கூடாது: எழுதியிருப்பதை மொழிபெயர்ப்பதே நம் வேலை, பலன் கூறுவது நம் வேலையன்று. விளங்காத இடங்களைக் கேள்விகளாக எழுதி, வைத்தியரிடம் கேட்கும்படி கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, கடதாசிகள். மூலம் அறியப்படாத நோயிலே பழைய அறிக்கைகள் மிக முக்கியம். சதைத் துண்டை எங்கே, எப்போது சோதித்தார்கள், அதன் இலக்கம் என்ன என்பன பின்னொருநாள் புதிய சோதனைக்குத் தேவைப்படலாம். ஷொப்பிங் பையிலே கசங்கிக் கிடக்கும் இவற்றைத் திகதி வாரியாக ஒரு கோப்பிலே அடுக்கிக் கொடுப்பது ஒரு மாலைநேர வேலை.

நான்காவது, பொதுப் பணம். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சிலர் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப் பணம் திரட்டினர். வழிநெடுக எல்லா இனத்தவரும் அவர்களோடு கூடி நடந்தனர். புற்றுநோயினால் மகனை இழந்த ஒரு முஸ்லிம் தந்தை முன்னின்று, பொதுமக்களிடம் நன்கொடை சேர்த்து, மகரகமைக்குப் பெற் ஸ்கேன் இயந்திரம் கிடைக்க வழிசெய்தார். சென்னை அடையாற்றிலே 1954இல் புற்றுநோய் நிலையத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவரே. இவர்கள் செய்தது மலையானால் நாம் செய்யக்கூடியது கூழாங்கல்தான். ஒரு நோயாளியின் பயணச் செலவு, ஒரு பிள்ளையின் ரியூஷன் கட்டணம் என்று தொடங்கலாம்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். வெற்றிலைத் தட்டம் நம் வீடுகளிலே மரியாதையின் அடையாளம். பூசைக்கும் மங்கலத்துக்கும் அது இருக்கட்டும். எமது சங்க வைபவங்களில் மெல்லுவதற்கென்று பாக்கு வைப்பதை இந்த ஆண்டோடு நிறுத்த நீங்கள் சம்மதம் தரவேண்டும். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

இளைஞர்களே, எங்கே தொடங்கியது என்னும் கேள்விக்கு என் மாமாவுக்கு ஒருபோதும் விடை கிடையாமற் போகலாம். ஐந்து வாரம் கழித்து வரும் விடை என்னவென்றும் எவருக்கும் தெரியாது. அந்த விடை எதுவாயினும், அதுவரையுள்ள நாட்களும் அவருடைய வாழ்நாட்களே. அவற்றை அவர் தனியே கழிக்க விடாதிருப்பது நம் கையில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களிலே அவரைப்போற் காத்திருப்போர் இன்னும் பலர்.

வாசலில் உள்ள மேசையிலே ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒருநாள் தரக்கூடியவர்கள், எந்த நாள் என்பதையும் சேர்த்துப் பெயரை எழுதிவிட்டுப் போகும்படி வேண்டுகிறேன்.